ராத்திரி வந்துபோகும் அம்மா

பிப்ரவரி 9

மலைமேல் வீற்றிருக்கும் மகாராணிக்கு,

வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டும் முழுசாக இருக்கின்றன. நான்தான் பாதியாகிவிட்டேன், அதைப் பற்றி யாருக்குக் கவலை.

சின்னவன் உருண்டை நடக்க ஆரம்பித்துவிட்டான். நாலடி வைப்பான், பொத்தென்று உட்காருவான், உட்கார்ந்த இடத்தில் எது கிடைத்தாலும் வாயில் போடுவான். முன் அறையில் ஃபேனும் இஸ்திரிப் பெட்டியும் ரிப்பேர் பார்க்கிறவன் வீட்டில் தரையில் என்ன கிடைக்கும்? ஸ்க்ரூதான். அவனுக்காக வாங்கிய கம்பித் தடுப்புக்குள் அவனை விட்டுப் பார்த்தேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். கடைசியில் அவனை வெளியே விட்டுவிட்டு, கருவிகளோடு நான் தடுப்புக்குள் உட்கார்ந்துகொண்டேன். இப்போது வேலை ஒழுங்காக நடக்கிறது. ரிப்பேருக்குக் கொண்டுவருகிறவர்கள்தான் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

பெரியவள், நம் மேஸ்திரி விஷயத்துக்கு வருகிறேன். அவளை எப்படிச் சமாளிக்கப்போகிறேன் என்றுதானே போகும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனாய்? கேட்டுக்கொள். நீ கிளம்பின அன்று எழுந்ததும் "அம்மா எங்க?" என்றாள். "வேலைக்குப் போயிருக்காங்க, சாயந்திரம் வந்துடுவாங்க" என்றேன். சாயந்திரம் வந்தது, நீ வரவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து தூங்கிப்போனாள். மறுநாள் காலை மறுபடியும் அதே கேள்வி. என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "வந்தாங்களே! நீதான் தூங்கிட்ட. நீ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க."

அழவில்லை! "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து நீ தினமும் ராத்திரி வருகிறாய், விடிவதற்குள் போய்விடுகிறாய். சும்மா வாயால் சொன்னால் நம்புகிற ஆளா அவள்? அதனால் கொஞ்சம் ஏற்பாடும் செய்கிறேன். உன் டம்ளரின் அடியில் கொஞ்சம் டீயை மிச்சம் வைக்கிறேன். உன் சீப்பை, நீ வைக்கிற மாதிரியே, வைக்கக் கூடாத இடத்தில் வைக்கிறேன். உன் தலையணையில் முழங்கையால் ஒரு பள்ளம் பண்ணிவிடுகிறேன். அவள் உனக்கென்று தலையணை பக்கத்தில் ஒரு கிரீம் பிஸ்கட் வைக்கிறாள். அதை நான் தின்று தீர்க்க வேண்டியிருக்கிறது. எனக்குக் கிரீம் பிஸ்கட் ஆகாது என்று உனக்குத் தெரியும். குடும்பத்துக்காக எதையெல்லாம் செய்கிறேன் பார்.

நகம் வெட்ட என்னிடம் கையை நீட்ட மாட்டேன் என்றாள். "அம்மாதான் வெட்டணும்." சரி என்று விட்டுவிட்டு, தூங்கும்போது வெட்டினேன். காலையில் பத்து விரலையும் விரித்துப் பார்த்தாளே, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "அம்மா வெட்டிட்டாங்க!" என்று கீழ் வீட்டுத் தையல்காரக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினாள். அந்த அக்கா மாடியேறி வந்து, "உங்க வீட்டுக்காரம்மா தினம் வந்து போறாங்களாமே, நான் பார்க்கவே இல்லையே?" என்றார். கண்ணடித்தேன். புரிந்துகொண்டார்.

எப்படி என் மூளை? நீ அங்கே நிம்மதியாகக் கான்கிரீட்டை உடை.

வீட்டிலுள்ள மூன்று பிள்ளைகளில் மூத்தவன்

•

பிப்ரவரி 17

ஐயா அவர்களுக்கு,

உங்கள் மூளையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடைசியில் சொல்கிறேன்.

காய்கறி கொண்டுவரும் லாரியில்தான் எங்களுக்குத் தபால் வரும். போன் ஆபீஸ் அறையில் ஒன்றுதான், அதுவும் யாராவது செத்தால்தான் தருவார்கள். அதனால் லாரி வருகிற நாள் இங்கே எல்லோருக்கும் ஒரு பரபரப்பு. கடிதத்தை லேபுக்கே எடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன். நீங்கள் கம்பிக்குள் உட்கார்ந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். என்னோடு அறையில் தங்கியிருக்கிற நர்ஸ் ஏதோ மருந்து கணக்குக்காக அங்கே வந்திருந்தாள். "எனக்கும் படிச்சுக் காட்டுங்க" என்றாள். படித்துக்கொண்டே போனேன், இரண்டு பேரும் சிரித்தோம். நகம் வெட்டின இடம் வந்ததும் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அப்ப அந்தக் குழந்தை என்ன நினைச்சுக்கிட்டிருக்கும்? அம்மா தினம் வர்றாங்க, டீ குடிக்கிறாங்க, தலை சீவுறாங்க, நகம்கூட வெட்டுறாங்க. ஆனா ஒரு நாள்கூட என்னை எழுப்பிப் பேசல. அப்படித்தானே?" என்றாள்.



நான் இல்லாத வீட்டில் அம்மாவுக்காக ஏங்குகிற பிள்ளையாக அவள் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஏங்கினால் ஏங்கட்டும், திரும்பி வந்து மடியில் போட்டுக்கொண்டு சரிபண்ணிவிடுவேன். நீங்கள் அவளை, பக்கத்தில் வந்து படுத்தும் அம்மா ஏறெடுத்துப் பார்க்காத பிள்ளையாக்கி வைத்திருக்கிறீர்கள். இதை நான் எப்படி வந்து சரிபண்ணுவேன்?

தயவுசெய்து அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே.

உங்கள் மூளையை ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும். நல்ல ஆள் யாராவது தெரிந்தால் சொல்கிறேன்.

அவளுடைய வலது கை சுண்டு விரலில் நகத்தை ஒட்டி ஒரு சதை இருக்கும். பார்த்துத்தானே வெட்டினீர்கள்?

•

பிப்ரவரி 24

அம்மா தாயே,

சுண்டு விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இஸ்திரிப் பெட்டியின் சுருள் கம்பியை இழுக்காமல் கழற்றுகிறவனுக்கு ஒரு பிள்ளையின் நகத்தை வெட்டத் தெரியாதா?

கடிதத்தைப் படித்தேன். நர்ஸம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். நேரில் இல்லாதவர்களுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல். இந்தப் பொய் எங்கே ஆரம்பித்தது? என் வாயிலா? நீ கிளம்பின அன்று விடியற்காலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது யார்? உன் பெட்டியைத் தரையில் உரசாமல் தூக்கிக்கொண்டு போகச் சொன்னது யார்? கதவு கிரீச்சென்று சத்தம் போட்டால் அவள் எழுந்துவிடுவாள் என்று முந்தின நாளே கீலுக்கு எண்ணெய் விடச் சொன்னது யார்? நான் விட்டேன். வேலையைச் சுத்தமாகச் செய்தேன். கதவு மூச்சுக்கூட விடவில்லை.

நீ ஜீப்பில் ஏறிப் போய்விட்டாய். அதற்கப்புறம் நடந்ததைப் போன கடிதத்தில் ஒரே வரியில் எழுதினேன். முழுசாக எழுதினால் உனக்குத் தாங்காது என்றுதான். இப்போது எழுதுகிறேன். எழுந்தவள் குளியலறைக்குப் போனாள். அங்கே இல்லை. சமையலறைக்குப் போனாள். மாடிப்படி வரைக்கும் போய் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து துணி அலமாரியைத் திறந்து உள்ளே பார்த்தாள். அலமாரிக்குள், புரிகிறதா? அதற்கப்புறம்தான் என்னிடம் கேட்டாள். அந்த நேரத்தில் எந்த அப்பனாக இருந்தாலும் சாயந்திரம் வந்துவிடுவாள் என்றுதான் சொல்லியிருப்பான்.

இப்போது அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், விளையாடுகிறாள். நீ இங்கிருந்து அவளை அழவைக்கச் சொல்கிறாய். அழுதால் யார் தூக்கி வைத்துக்கொள்வது? லாரியில் ஏறி நீ வருவாயா? உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் நீயே வந்து சொல்.

•

மார்ச் 3

என்னங்க,

கதவுக்கு எண்ணெய் விடச் சொன்னது நான்தான்.

அலமாரியைத் திறந்து பார்த்தாள் என்பதைப் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். இங்கே மலையைக் குடைந்து போடுகிற சுரங்கப் பாதைக்குள்ளிருந்து வருகிற தூசி எந்நேரமும் இருப்பதால், கண் சிவந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அது ஒரு வசதி.

அவள் விழித்து ஒரு தடவை "அம்மா" என்று கூப்பிட்டிருந்தால் நான் பெட்டியைக் கீழே வைத்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். படித்து முடித்து, கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று இத்தனை வருஷத்துக்கு அப்புறம் கிடைத்த வேலை. "நீ போ, பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன்" என்று நீங்கள் சொன்னபோது உங்களைக் கட்டிக்கொண்டு அழுதேனே, மறந்துவிட்டீர்களா? அதை எல்லாம் ஒரு அழுகையில் விட்டுவிடுவேனோ என்ற பயத்தில்தான் தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போனேன்.

இங்கே நான் என்ன செய்கிறேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். சுரங்கத்தின் சுவருக்கு ஊற்றுகிற கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து அச்சில் வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்து, இறுகின பிறகு மெஷினில் வைத்து உடைகிறவரைக்கும் அழுத்துகிறோம். எவ்வளவு தாங்கியது என்று பார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த பகுதிக்குக் கான்கிரீட் ஊற்றப் பலகை அடிப்பார்கள். என் கையெழுத்துக்காக இருபது ஆம்பளைகள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்று சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது.

மழைக்கு முன்னால் சுவர் முடிந்துவிடும். அதுவரைக்கும் குடும்பத்தைக் கூட்டிவர அனுமதி இல்லை. பாதியில் விட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

விட்டுவிட்டு வந்துவிடட்டுமா? இதைக் கோபத்தில் கேட்கவில்லை. நீங்கள் வா என்று ஒரு வார்த்தை எழுதினால் அடுத்த லாரியில் ஏறிவிடுவேன்.

•

மார்ச் 6

உன் பதில் இன்னும் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது.

நேற்று முன்தினம் மேஸ்திரி தையல்காரக்காவிடம் போய் ஒரு நாடா வாங்கி வந்தாள். எதற்கென்று சொல்லவில்லை. ஏதோ பொம்மைக்கு என்று நானும் விட்டுவிட்டேன். விடிவதற்கு முன் வழக்கம்போல உன் தலையணையில் பள்ளம் பண்ணப் போனேன். நாடாவின் ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டியிருக்கிறாள். இன்னொரு முனையை உன் தலையணை உறையின் மூலையில் முடிந்து வைத்திருக்கிறாள். நீ வந்து படுத்தால் தலையணை ஆடும், கை இழுபடும், விழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவிழ்த்தேன். அவள் புரளக்கூட இல்லை, அவ்வளவு நைசாக அவிழ்த்தேன். அந்த நிமிஷத்தில் என் விரல்களை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காலையில் எழுந்து மணிக்கட்டைப் பார்த்தாள். அவிழ்ந்து கிடந்த நாடாவைப் பார்த்தாள். தலையணைப் பள்ளத்தைப் பார்த்தாள். சமையலறைக்குப் போய் உன் டம்ளரை எடுத்து, மிச்சம் இருந்த டீயைத் தொட்டியில் கொட்டி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவளாகவே.

மத்தியானம் நான் தடுப்புக்குள் ஒரு ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, அம்மாவுக்கு என்மேல என்ன கோபம்?"

"கோபமெல்லாம் இல்லடா."

"நான் கட்டி வச்சிருந்தேன். அவிழ்த்துட்டுப் போயிட்டாங்க."

கழற்றின ஸ்க்ரூவையே திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தேன். பேச்சில் என்னை யாரும் மடக்கினதில்லை என்று பீற்றிக்கொள்வேனே, அந்த நான்தான். நேற்று அவள் பிஸ்கட் வைக்கவில்லை. டப்பாவைத் திறக்கக்கூட இல்லை.

நீ சொன்னது சரி. அந்த நர்ஸ் சொன்னதும் சரி. நான் அவளை அழாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். நாளைக்கே சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன், ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்று பிடிபடவில்லை. என்ன வார்த்தை சொல்லட்டும் என்று நீ எழுது.

இன்னும் ஒன்று. உறையை ஒட்டப் போகும்போது உன் கடிதம் வந்துவிட்டது. இரண்டு தடவை படித்தேன். வேலையை விடாதே. வா என்று எழுத எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, அதனாலேயே எழுதவில்லை. நான் பண்ணின கோளாறுக்கு நீ வேலையை விடுவது நியாயமில்லை. அந்த இருபது ஆம்பளைகளும் நன்றாக நிற்கட்டும், கால் வலிக்கட்டும்.

•

மார்ச் 12

என்னங்க,

நாடாவை அவிழ்த்தது நான் என்றுதானே அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். செய்யாத அந்தக் காரியம் என் கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. உங்களைத் திட்டிப் பெரிய கடிதம் ஒன்று எழுதிக் கிழித்துப் போட்டேன். நீங்களும் அங்கே தனியாகத்தான் தவிக்கிறீர்கள்.

பகலில் சொல்லுங்கள். தூங்கப் போகும்போது வேண்டாம். சுற்றி வளைக்காதீர்கள், உங்களுக்கு அது கை வந்த கலை. அம்மா மலையில் வேலை பார்க்கிறாள், போன நாளிலிருந்து ஒரு தடவைகூட வீட்டுக்கு வரவில்லை, வந்திருந்தால் எழுப்பியிருப்பாள். இதுதான் முக்கியம், இதை முதலில் சொல்லுங்கள். ராத்திரி வந்ததெல்லாம் அப்பா சொன்ன பொய் என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்லாமல் போனது அம்மா செய்த தப்பு என்பதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நீ அழுவாய் என்று பயந்து போய்விட்டாள், அழட்டும் என்று விட்டிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அவள் அடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு வர வேண்டியதையும் சேர்த்து.

லேபில் பெரியவரிடம் லீவு கேட்டேன். இந்தப் பகுதி ஊற்றி முடிந்ததும் மாதக் கடைசியில் இரண்டு நாள் தருகிறேன் என்றார். நிச்சயமான பிறகு அவளிடம் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம், இப்போதே சொல்லிவிடுங்கள். வருகிறேன், ஆனால் திரும்பப் போய்விடுவேன், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பயமாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வேன்?

•

மார்ச் 19

சொல்லிவிட்டேன்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் வேலைக்கு உட்காருகிற மாதிரி தடுப்புக்குள் போய் உட்கார்ந்தேன். வெளியே உட்கார்ந்து உருண்டைக்கு அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன். நீ எழுதின வரிசையிலேயே சொன்னேன். வரிசை மாறவில்லை, ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. முழுக்கக் கேட்டாள். அதற்கப்புறம் விசாரணை ஆரம்பித்தது.

"ஒரு தடவைகூட வரலையா?"

"வரல."

"நகம்?"

"நான்தான் வெட்டினேன்."

"டீ?"

"நான்தான் வச்சேன்."

"நாடா?"

"நான்தான்மா அவிழ்த்தேன்."

"பிஸ்கட்?"

"நான் சாப்பிட்டேன்."

"எல்லாத்தையுமா?" என்றாள். ஆமாம் என்றேன். மற்றதற்கெல்லாம் அமைதியாக இருந்தவளுக்கு இதில்தான் கோபம் வந்தது. எழுந்து, தடுப்பின் கொக்கியை வெளியிலிருந்து மாட்டிவிட்டு, என்னை உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டாள். கையை நீட்டிக் கழற்றிவிடலாம்தான், ஆனால் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் ரிப்பேருக்குக் கொடுத்த இஸ்திரிப் பெட்டியை வாங்க வந்தார், கம்பிக்கு மேலாகவே கொடுத்தனுப்பினேன்.

உள் அறையில் உருண்டையிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "டேய், அம்மா வரவே இல்லடா. அப்பா சும்மா சொல்லியிருக்காங்க. அம்மா வந்திருந்தா என்னை எழுப்பியிருப்பாங்க." சொல்லும்போது குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நீ வரவில்லை என்று தெரிந்ததற்கு ஒரு பிள்ளை சந்தோஷப்பட்டதைக் கேட்டுக்கொண்டு கம்பிக்குள் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேண்டியதுதான்.

சாயந்திரம் அழுதாள். நீ போன அன்று அழ வேண்டியதை எல்லாம் சேர்த்து அழுதாள். தூக்கி வைத்துக்கொண்டேன். இரண்டு அறை விட்டாள், அதில் ஒன்று உன்னுடையது.

இப்போது என் நிலைமை என்னவென்றால், நான் எது சொன்னாலும் "நிஜமாவா? இல்ல, அம்மா வந்த மாதிரியா?" என்று கேட்கிறாள். பால் சூடு என்றால் தொட்டுப் பார்க்கிறாள். மழை வரும் என்றால் ஜன்னலுக்குப் போகிறாள். நீ மாதக் கடைசியில் வருவாய் என்றதற்கும் அதே கேள்விதான். தையல்காரக்காவிடம் போய், "எங்க அம்மா வராங்களாம், உங்களுக்குத் தெரியுமா?" என்று விசாரித்துவிட்டு வந்தாள். என் சொல்லுக்கு இந்த வீட்டில் இப்போது அவ்வளவுதான் மரியாதை. நீ வராமல் போனால் நான் ஊரைவிட்டு ஓடிவிட வேண்டியதுதான். வந்துவிடு.

•

ஏப்ரல் 2

என்னங்க,

மலைக்கு ஒழுங்காகத் திரும்பி வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்த அன்று அவள் கிள்ளின கன்னம் இன்னும் லேசாக வலிக்கிறது. நிஜமா என்று பார்க்கத்தானே கிள்ளினாள்? அதற்கு அவ்வளவு பலம் தேவையில்லை, உள்ளே கொஞ்சம் கோபமும் இருந்திருக்கும். கிள்ளிவிட்டு மடியில் ஏறினவள் சாப்பிடக்கூட இறங்கவில்லை. உருண்டைதான் உங்கள் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்து அழுதான். சிரித்துச் சமாளித்தேன். உள்ளுக்குள் ஒடிந்து போனேன்.

வேறொன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன், எதையெதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் நீங்கள் பெட்டியோடு கதவுப் பக்கத்தில் நின்று, "தூங்கறா, விடு. எழுப்பினா ஊரைக் கூட்டிடுவா" என்று சைகையும் குசுகுசுப்புமாகச் சொன்னீர்கள். உங்கள்மேல் கோபம் வரவில்லை. எனக்கும் அதேதான் தோன்றியது. வாயைத் திறந்துகொண்டு அவ்வளவு நிம்மதியாகத் தூங்கினாள். கீழே ஜீப்காரர் ஹாரன் அடித்தார். அப்படியே இரண்டு எட்டு வைத்தால் வாசல் வந்துவிடும்.

எழுப்பினேன். "அம்மா கிளம்புறேன்டா. வேலை முடிஞ்சதும் வந்துடுவேன். போயிட்டு வரட்டுமா?" என்றேன். முதலில் தூக்கத்தில் தலையை ஆட்டினாள். அப்புறம் புரிந்தது. என் துணியைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தீர்கள், உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தால் போயிருக்க மாட்டேன். தெருமுனை திரும்புகிறவரைக்கும் அவள் சத்தம் ஜீப்புக்குள் கேட்டது. ஜீப்காரர் தானாக ரேடியோவை அணைத்துவிட்டார்.

நேற்று ஒரு கான்கிரீட் கட்டியை மெஷினில் வைத்து அழுத்திவிட்டு, மெஷின் காட்டுகிற எண்ணைப் பார்க்காமலே நின்றிருந்தேன். உடைந்து போய்விட்டது. உடைந்ததைத் திரும்ப வைத்து அளக்க முடியாது. பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டியை எடுத்து நீட்டினார்.

நான் செய்தது சரிதானா? தூங்கவிட்டுப் போயிருந்தால் அந்த அலறலாவது மிச்சமாகியிருக்குமா? எவ்வளவு அழுதாள், எப்போது நிறுத்தினாள், அப்புறம் என்ன செய்தாள் என்று எழுதுங்கள். என்னைத் தேற்றுவதற்காக எதையும் குறைக்க வேண்டாம். குறைத்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

•

ஏப்ரல் 8

உனக்கு,

குறைக்காமல் எழுதுகிறேன்.

அழுதாள். ஜீப் போன பிறகு படிக்கட்டுக் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு அழுதாள். தூக்கப் போனால் உதைத்தாள். தையல்காரக்கா யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அளவு நாடா கழுத்தில் தொங்க ஓடிவந்தார். மேஸ்திரி அழுவதைப் பார்த்து உருண்டையும் ஆரம்பித்தான். வேறு யாராவது கேட்டால் சொல்ல மாட்டேன், உனக்குச் சொல்கிறேன், நானும் அழுதேன். மூன்று பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதோம். தையல்காரக்கா யாரை முதலில் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல் நின்றார்.

அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. விரலைப் பிரித்தது நான்தானே. காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. மத்தியானம் சாப்பிட்டாள், இரண்டாவது தடவை கேட்டும் வாங்கினாள். மறுநாள் எழுந்ததும் கொஞ்சம் சிணுங்கினாள், ஆனால் குளியலறைக்கும் போகவில்லை, வேறெங்கும் தேடவும் இல்லை. நேராக என்னிடம் வந்து, "அம்மா இந்நேரம் மலையில எழுந்திருச்சிருப்பாங்களா?" என்றாள். எழுந்திருப்பார்கள் என்றேன். நிஜமாவா என்று கேட்கவில்லை. நானும் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

நீ எழுப்பியது சரியா என்று கேட்டிருக்கிறாய். நான்தான் விடு என்றேன், ஆகவே அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நேற்று நடந்ததை எழுதுகிறேன், நீயே பார்த்துக்கொள்.

ஒருவர் டேபிள் ஃபேன் கொண்டுவந்தார். புது ஆள், இந்தப் பக்கம் வந்ததில்லை. நான் தடுப்புக்குள், உருண்டை வெளியே, மேஸ்திரி வாசற்படியில் ஒரு பழைய சுவிட்சைத் திருகிக்கொண்டிருந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவளிடம் பேச்சுக் கொடுத்தார்.

"பாப்பா, அம்மா இல்லையா வீட்ல?"

"இல்ல. மலையில வேலை. மழைக்கு முன்னாடி வந்துடுவாங்க."

"அடடா, உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டார். கையிலிருந்ததை வைத்துவிட்டு எழப் போனேன். அதற்குள் அவள் சுவிட்சைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அந்த மனிதர் ஏதோ விவரம் தெரியாதவர் என்பதுபோல அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"விட்டுட்டெல்லாம் போகல. என்னை எழுப்பி, என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க."